மிஸ்டர் நாட்

அரியமங்கலத்துக் குப்பைமேட்டு நாற்றம் பஸ்ஸுக்குள் ஏறி, எல்லாரும் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்குக்குக் கொண்டுபோன நேரத்தில் ஜெசிந்தா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் மகள் ஆக்னஸ் கேட்டது அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "நேத்து யாரும்மா?" என்றாள். தினமும் கேட்பதுதான். இங்கிலாந்து ஆஸ்பத்திரி ஒன்றின் டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுப்பது ஜெசிந்தாவின் வேலை, சாலை ரோட்டு மாடி ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக. அதில் வருகிற குடும்பப் பெயர்களை வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லுவாள். சொல்லக் கூடாதுதான், ஆபீஸில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், ஆனாலும் வெறும் பெயர்தானே. ஆனியன்ஸ் என்று ஒரு கிழவர், வெங்காயம். கோட்டுபெட் என்று ஒரு குடும்பமே இருக்கிறது, போய்ப்படு. ஸ்மால்போன், சின்ன எலும்பு, அவர் இடுப்பெலும்பு முறிந்து வந்தார். டெத் என்று ஒரு அம்மாள், அவள் நன்றாகக் குணமாகி வீட்டுக்குப் போனாள், மிஸஸ் சாவு நலமாக வீடு திரும்பினார் என்று ஆக்னஸ் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இன்றைக்குக் காலையில், "நாட்" என்றாள் ஜெசிந்தா. "நாட்னா?" "இல்லைன்னு சொல்ற நாட் மாதிரியே கேக்கும். எழுதறதுதான் வேற. முன்னால ஒரு கே போட்டு, கடைசில ரெண்டு டி போட்டு. சர்ஜன் ஒருத்தரு, புதுசா வந்திருக்காரு. நேத்து ஒரு ஃபைல்ல எழுத்துக்கூட்டியே சொன்னாங்க." ஆக்னஸ் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அய்ய, அப்ப நாட் கமிங்னு சொன்னா அவரு வர்றாருன்னா, வரலைன்னா?" என்றாள். அதற்குத்தான் சிரித்தாள் ஜெசிந்தா, காட்டூர் ஸ்டாப்பிலும் சிரித்தாள், இப்போதும் சிரித்தாள், வர்றாருன்னா வரலைன்னா, வர்றாருன்னா வரலைன்னா, அப்புறம் அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கடைசி ஃபைல். மிஸஸ் ஸ்பாரோ, எழுபத்து நாலு வயசு. நாட் டு ஆபரேட் ஆன் தர்ஸ்டே. வியாழக்கிழமை ஆபரேஷன் செய்ய வேண்டாம். அப்படித்தான் அடித்தாள். அடித்து, ஒரு தட்டு தட்டி அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செய்ய வேண்டாம் இல்லை. நாட் செய்வார். மிஸ்டர் நாட் வியாழக்கிழமை ஆபரேஷன் செய்வார். இன்றைக்கு வியாழக்கிழமை.

இருக்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வேண்டாம் என்றுகூட டாக்டர் சொல்லியிருக்கலாம், எத்தனை பேருக்கு வேண்டாம் என்று சொல்கிறார்கள், வயசாகிவிட்டது, இதயம் தாங்காது, மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று. எழுபத்து நாலு என்றால் வயசுதானே. ஆனால் அதற்கு அடுத்த வரி என்ன? அடுத்த வரி அவளுக்குத் தெரியும், விரல்களுக்கே தெரியும், மடியில் கிடந்த கைப்பையின் மேல் விரல்கள் தாமாகவே அதை அடித்தன. நோயாளிக்கு விளக்கப்பட்டது, நோயாளி சம்மதித்திருக்கிறார். எதற்குச் சம்மதம்? செய்யாமல் விடுவதற்கு யாராவது சம்மதம் வாங்குவார்களா? அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்க வேண்டும், பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட புத்தி நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் அடிப்பதையெல்லாம் இன்னொருவர் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஜெசிந்தா அடித்தால் நேரே போய்விடும். அவள் காது அப்படி என்று ஆபீஸில் பேர். ஸ்காட்லாந்துக்காரர் ரொட்டியை மென்றுகொண்டே பேசுவதையும், நைஜீரியா டாக்டர் காரோட்டிக்கொண்டே பேசுவதையும் ஒரே தடவையில் பிடித்துவிடுவாள் என்று பேர். மிஸஸ் ஸ்பாரோ தனியாக இருக்கிறாள், ஒரு நாய் மட்டும் துணை, நாலு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள், கட்டி குடலை அடைத்துக்கொண்டே வருகிறது, இன்னும் கொஞ்ச நாளில் முழுக்க அடைத்துவிடும். அதையும் அவள்தான் அடித்தாள். ஸ்பாரோ, சிட்டுக்குருவி. அதைக்கூட ஆக்னஸிடம் சொன்னாள், பாவம் என்றாள் ஆக்னஸ். அங்கே இந்நேரம் விடிந்திருக்கும், ஜூன் மாசம், நாலரை மணி நேரம் பின்னால், இங்கே பத்து இருபது என்றால் அங்கே ஆறு ஆகப் பத்து நிமிஷம். எழுந்திருப்பாள். இன்றைக்கு வர வேண்டாம் என்று நேற்றே யாராவது போன் செய்து சொல்லியிருப்பார்கள். சரி என்று சொல்லியிருப்பாள். ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டாள், டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நாய்க்கு எதையோ போட்டுவிட்டு, தானும் எதையாவது வாயில் போடுவாள். போட்டுவிட்டால் பிறகு இன்றைக்கு மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். "சாப்பிடாதீங்க" என்று ஜெசிந்தா முணுமுணுத்தாள். பக்கத்து சீட்டுக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

மிஸ்டர் என்று சொன்னாரா, சொல்லவில்லையா? அங்கே சர்ஜனை டாக்டர் என்று சொல்ல மாட்டார்கள், பெயருக்கு முன்னால் மிஸ்டர்தான் போடுவார்கள். அங்கேதான் அவள் மனசு போய்ப் போய் முட்டியது. வெறும் நாட் என்று சொல்லியிருந்தால் யார் காதுக்கும் அது அப்படித்தான் கேட்டிருக்கும், கலெக்டர் காதுக்கும் அப்படித்தான், பெயருக்குப் பெரிய எழுத்து வார்த்தைக்குச் சின்ன எழுத்து என்பதெல்லாம் தாளில்தானே, காதுக்கு அது ஏது. அப்படியானால் இது யார் செய்தாலும் வருகிற தப்பு, பாதி தப்பு அந்த டாக்டருடையது. ஆனால் மிஸ்டர் என்று சொல்லியிருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை வரவழைத்துப் பார்த்தாள். இளம் டாக்டர், சளி பிடித்த குரல். குடலை அடைத்துக்கொண்டு வருகிறது. அப்புறம் ஒரு ம். ம், நாட் டு ஆபரேட். தொண்டையைச் செருமுகிறார் என்றுதான் நினைத்தாள். அந்த ம் செருமலா? மிஸ்டரில் ஸ் போய்விட்டால் மிச்சம் என்ன, ஒரு ம், ஒரு மொத்தையான முனகல், செருமல் மாதிரித்தானே இருக்கும். ஸ் போய்விட்டால். தென்னூர் காது டாக்டர் அதைத்தான் சொன்னார், எட்டு மாதம் முன்னால். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் வந்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஒன்றும் வரவில்லை. வராமலே எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது, அதற்குள் எவ்வளவோ வந்து போயிருக்கும் என்று பயந்து குத்துமதிப்பாக அமுக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் வந்து கதவைத் திறந்து, "அக்கா, சத்தம் வந்தா மட்டும் அமுக்குங்க" என்றாள். டாக்டர் காகிதத்தில் இறங்கிக்கொண்டே போன கோட்டைக் காட்டி, "நரம்பு தேய்ஞ்சுக்கிட்டு வருது. மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும், ஸ், ஃப் இந்த மாதிரி. என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "வீட்லதான் இருக்கேன் சார்" என்றாள். அந்தக் காகிதத்தை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்தாள். கணவன் சவரிராஜுக்குத் தெரியாது. ஆக்னஸுக்குத் தெரியாது. குக்கர் எத்தனை விசில் என்று மகளைக் கேட்டு, கணக்குத் தெரியுதான்னு பாத்தேன் என்று சமாளித்தாள். ஆபீஸில் ஹெட்போன் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிவைத்தாள், அதிலும் பிடிபடாததைக் காலடியில் இருக்கிற பெடலை அமுக்கிப் பின்னால் ஓட்டி இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டாள். போன மாதம் சூப்பர்வைசர் ஹபீபா மேடம் பக்கத்தில் வந்து நின்று, "என்னக்கா, ரீவைண்ட் ஜாஸ்தியா காட்டுதே, உடம்பு சரியில்லையா?" என்றாள். அந்தக் கருமத்தையெல்லாம் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு பெடலில் காலை வைத்துக்கொண்டு அமுக்காமல் இருக்கப் பழகினாள். வாக்கியத்தின் போக்கில் இதுவாகத்தான் இருக்கும் என்று அடித்தாள், கூண்டுக்குள் அமுக்கின மாதிரியே குத்துமதிப்பாக. செவ்வாய்க்கிழமை அந்த ம் வந்தபோதும் கால் பெருவிரல் பெடலில்தான் இருந்தது. ஒரு அமுக்கு. அமுக்கவில்லை.

பால்பண்ணையில் பஸ் நின்றது நின்றதுதான். முன்னால் லாரி, லாரிக்கு முன்னால் இன்னொரு பஸ், டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றுகொண்டார். போன் செய்ய வேண்டும். ஹபீபாவுக்கு இப்போதே போன் செய்தால் அவள் ஆபீஸில் இருப்பாள், பத்து மணிக்கே வந்துவிடுவாள். போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். என்ன சொல்வது? மேடம், செவ்வாய்க்கிழமை ஃபைலில் ஒரு பெயர் தப்பு. அவ்வளவு சொன்னால் போதாதா? எப்படித் தப்பாயிற்று என்று கேட்பாள். ஆடியோவைப் போட்டுப் பார்ப்பாள். அதில் மிஸ்டர் இருந்தால்? வேறு யோசனை வந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டால் என்ன. அங்கே ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் தெரியாமலா போய்விடும், அந்த மிஸ்டர் நாட்டே கேட்பாரே, எங்கே அந்தக் கிழவி என்று, அவர் கையில் ஒரு பட்டியல் இருக்காதா, ஒரு தாளை நம்பியா அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி நடக்கிறது. இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் ஏறிக் காட்டூருக்கே போய்விடலாம், காய்ச்சல் என்று ஒரு மெசேஜ், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு. நாளைக்கு அந்தக் குடல் முழுக்க அடைத்திருந்தால், அந்த டாக்டர் மறுபடியும் ஒரு ஃபைல் பேசி அனுப்புவார், மிஸஸ் ஸ்பாரோ என்று ஆரம்பிப்பார், கடைசி வரி வேறாக இருக்கும், அதுவும் சுற்றி வந்து அவள் காதிலேயே விழும், அதையும் அவள்தான் அடிப்பாள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். மாதாவே என்றாள். நம்பரை அமுக்கிப் போனை இடது காதில் வைத்து அழுத்தினாள், வலது காதில் வைத்து எத்தனையோ மாதமாயிற்று. மணி போனதா என்றே தெரியவில்லை. பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. திடீரென்று ஏதோ பேச்சு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "மேடம்? மேடம், நான் ஜெசிந்தா. மிஸஸ் ஸ்பாரோ ஃபைல். அது தப்பு மேடம். அவங்களைச் சாப்பிடாம இருக்கச் சொல்லுங்க. மேடம், கேக்குதா?" அந்தப் பக்கம் பேச்சு தொடர்ந்தது, ஏறி இறங்காமல், ஒரே சீராக. போனை எடுத்துத் திரையைப் பார்த்தாள். மணியே போகவில்லை, நம்பர் கிடைக்கவில்லை என்று போன் கம்பெனிக்காரி பதிவுசெய்து வைத்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள், அவளிடம் போய்க் கெஞ்சியிருக்கிறாள். ஜெசிந்தா பையோடு எழுந்தாள், பக்கத்து சீட்டுக்காரப் பெண் எழுந்து வழிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "யாருக்கும்மா முடியலை?" என்றாள். ஜெசிந்தா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "எனக்குத் தெரிஞ்சவங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினாள், செருப்பு வார் பிய்ந்ததைக் கையில் எடுத்துக்கொண்டாள், நெரிசல் முடிகிற இடத்தில் ஒரு ஆட்டோ. "சாலை ரோடு. சீக்கிரம்ணே." ஆட்டோக்காரர் ஏதோ கேட்டார். "சரிண்ணே" என்றாள். இன்னும் ஏதோ கேட்டார், திரும்பி அவளைப் பார்த்தே கேட்டார். அதற்கும் சரி என்றாள். அவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டுக் கத்தினார்: "எந்த வழியா போகட்டும்னு கேக்குறேன், சரி சரிங்கிறியேம்மா! காது கேக்குமா கேக்காதா?" ஒருத்தரும் இதுவரை அவளை இப்படி நேராகக் கேட்டதில்லை. "எந்த வழியானாலும் போங்கண்ணே, ஒரு உசிரு" என்றாள். அழுகை வந்துவிட்டது.

பதினொன்று பத்துக்கு அவள் வெறுங்காலோடு மாடிக்குள் நுழைந்தபோது ஹபீபா யாருக்கோ லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவைவிட ஒன்பது வயசு சின்னவள், ஜெசிந்தாவிடம்தான் வேலை கற்றவள். நின்றுகொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, அந்த ஃபைல் விஷயத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள் ஜெசிந்தா. ஹபீபா ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃபைலைத் திறந்தாள், கண் ஒரு வரியில் நின்றது, அவசரத்துக்கென்று வைத்திருக்கிற நம்பரைச் சுழற்றினாள். அந்தப் பக்கம் ராத்திரி டியூட்டி நர்ஸ். எழுத்துக்கூட்டிச் சொன்னாள் ஹபீபா, கே, என், ஓ, இரண்டு டி, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஜெசிந்தா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனை வைத்துவிட்டு ஹபீபா, "நேத்தே கேன்சல் பண்ணிட்டாங்களாம். இப்ப வீட்டுக்கு போன் போடறாங்க" என்றாள். "எனக்கு ஆடியோவைக் கேக்கணும்க்கா. ரிப்போர்ட் எழுதணும்." ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றி இருந்த ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சளி பிடித்த அந்தக் குரல் வந்தது. குடல், கட்டி, அடைப்பு. அப்புறம் அந்த இடம். ம், நாட் டு ஆபரேட் ஆன் தர்ஸ்டே. ஜெசிந்தாவுக்கு அப்படித்தான் கேட்டது, செவ்வாய்க்கிழமை கேட்ட மாதிரியே, ஒரு செருமல், ஒரு நாட். நெஞ்சில் ஒரு நிம்மதி எழப் பார்த்தது, டாக்டர் சொல்லவில்லை, மிஸ்டர் சொல்லவில்லை, யார் காதுக்கும் இப்படித்தான். அப்போது எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தாள். ஒருத்தி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி ஹபீபாவைப் பார்த்தாள். ஹபீபா இன்னொரு தடவை போட்டாள். "மிஸ்டர் நல்லாத் தெளிவா இருக்கேக்கா. கேக்குதா?" கேக்குது என்று சொல்லிவிடலாம். அன்றைக்குக் கவனக்குறைவு, தலைவலி, மன்னிச்சிடுங்க மேடம் என்று சொல்லிவிடலாம், ஒரு தடவை மன்னிப்பார்கள், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மன்னிக்க மாட்டார்களா. நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது. "கேக்கலை மேடம்" என்றாள். "எது கேக்கலை?" "மிஸ்டர் கேக்கலை. எட்டு மாசமா ஸ், ஃப் மாதிரி எழுத்து எதுவும் சரியாக் கேக்கறதில்லை." ஹபீபா மெதுவாக நாற்காலியில் சாய்ந்தாள். கோபமாகத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "எட்டு மாசமா?" என்றாள். "ஆமா." "அப்ப எட்டு மாசத்து ஃபைலையும் நான் இப்பத் திறந்து கேக்கணும்க்கா" என்றாள். அது இவ்வளவு நேரமும் ஜெசிந்தாவின் புத்தியில் ஏறவே இல்லை. ஒரு ஸ்பாரோ என்றுதான் வழியெல்லாம் பதறிக்கொண்டு வந்தாள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. எத்தனை மருந்து, எத்தனை அளவு, எத்தனை வலது, எத்தனை இடது, குத்துமதிப்பாக.

மத்தியானம் முழுக்க அவளை டீ போடுகிற பான்ட்ரி அறையில் உட்கார வைத்தார்கள். டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆடை கட்டி ஆறிப்போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பேரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவள் அடித்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வப்போது ஒருத்தி கையைத் தூக்குவாள், ஹபீபா போய்க் குனிந்து பார்ப்பாள், ஒவ்வொரு கையும் எழும்போது ஜெசிந்தா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். நாலு மணிக்கு ஹபீபா வந்து எதிரில் உட்கார்ந்தாள், முகத்தை நேரே பார்க்கும்படி, வாயை நன்றாகத் திறந்து பேசினாள், அதற்குள் அவளுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. "அந்தம்மா வந்துட்டாங்களாம். ஒண்ணும் சாப்பிடலையாம். இன்னிக்குக் கடைசி ஆபரேஷனா வச்சிருக்காங்க, அந்த மிஸ்டர் நாட்தான் பண்றாரு." ஜெசிந்தா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "இதுவரைக்கும் நாலு ஃபைல்ல தப்பு கண்டுபிடிச்சிருக்கோம், ஆபத்தா எதுவும் இல்லை. இன்னும் நிறைய இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க. திங்கக்கிழமை அந்தக் காது ரிப்போர்ட்டோட வாங்க. மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது." எழுந்து போகும்போது அவள் தோளில் கை வைத்தாள், எடுத்துக்கொண்டாள். ஜெசிந்தா படியிறங்கினாள், பாதி வழியில் நின்றாள். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது, ஏன் சீக்கிரம் வந்தாய் என்று ஆக்னஸ் கேட்டால், யாரும்மா இன்னிக்கு என்று கேட்டால். சவரிராஜுக்கு போன் போட்டாள். துவாக்குடியில் இரும்பு வேலை செய்கிற பட்டறை அவனுக்கு, போனை எடுத்ததுமே இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் சத்தம்தான் வந்தது. "ஏங்க, எனக்குக் காது சரியில்லைங்க" என்றாள். அவன் ஏதோ கத்தினான். "காது. எனக்குக் காது கேக்கறதில்லை." மறுபடியும் கத்தினான், கேக்கலை, சத்தமா சொல்லு என்கிறான் என்று பிடிபட்டது. கீழே சாலை ரோட்டில் மாதா படம் ஒட்டிய ஒரு ஆட்டோ, கரும்புச்சாறு வண்டி, ஸ்கூல் விட்டுப் போகிற பிள்ளைகள். எட்டு மாதமாக ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்ததை ஜெசிந்தா படிக்கட்டில் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்: "எனக்குக் காது போயிடுச்சுங்க! எட்டு மாசமாச்சு! உங்ககிட்டச் சொல்லலை!" கரும்புச்சாறுக்காரர் அண்ணாந்து பார்த்தார். பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். போனில் கிரைண்டர் சத்தம் நின்றது. யாரையோ நிறுத்தச் சொல்லியிருக்கிறான். அப்புறம் அவன் பேசினான், மெதுவாக, நீளமாக, ஒரு கேள்வி மாதிரி கடைசியில் ஏறியது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. சரிங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்து, போனை இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டு, "எனக்குப் புரியலைங்க" என்றாள், "இன்னொரு தடவை சொல்லுங்க."